தகட்டில் கதவுக் கீல் அடிப்பது: கேள்வி பதில்

பட்டறை வைத்திருப்பவர்களும் இனிமேல் தொடங்க நினைப்பவர்களும் கேட்டிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் கேள்விகள் நக்கிளைப் பற்றித்தான், அதாவது பின் என்ற கம்பி நுழைவதற்காகத் தகட்டின் ஓரத்தைக் குழல்போலச் சுருட்டும் பகுதியைப் பற்றி. கீலின் தரம் அங்கேதான் முடிவாகிறது என்பதால் என் பதில்களும் அங்கேதான் நீளும்.

சார், வீட்டுக் கதவுக்கான 75 மி.மீ. கீல் செய்யப் போகிறோம். எந்தத் தகடு, என்ன கனம்?

கார்பன் குறைந்த சி.ஆர். (கோல்டு ரோல்டு, அதாவது குளிர்நிலையில் உருட்டிய) தகடு, 2 மி.மீ. கனம், 5 மி.மீ. பின். டிசி01, எஸ்பிசிசி போன்ற தரங்கள் தாராளமாகப் போதும். ஹாட் ரோல்டு தகடு விலை குறைவு என்று வாங்கினால் அதன் மேலுள்ள செதில் டையை, அதாவது தகட்டை வெட்டவும் வளைக்கவும் பிரஸ்ஸில் பூட்டும் அச்சை, தேய்த்துவிடும். அமிலத்தில் கழுவி எண்ணெய் பூசி வந்ததாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

வேறு வேலைகளில் மிஞ்சிய துண்டுத் தகடுகளைக் கலந்து ஓட்டாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கடினம் வேறு, கனமும் கொஞ்சம் வேறு. ஒரே டையில் அடித்தாலும் ஒரு நக்கிள் இறுகி வரும், அடுத்தது வாய் திறந்து நிற்கும். பிறகு டையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

சுருட்டுவதற்கு எவ்வளவு நீளம் விட வேண்டும்? கனத்தின் நடுக்கோட்டை வைத்துக் கணக்குப் போட்டால் நக்கிள் முழுதாக மூடவில்லை.

நல்ல கேள்வி. சாதாரண வளைவில் நீளாமலும் குறுகாமலும் இருக்கும் கோடு தகட்டின் நடுவிலோ அதற்கு உள்பக்கமாகவோ இருக்கும். சுருட்டும்போது நிலைமை வேறு. டையின் பள்ளம் தகட்டை ஓரத்திலிருந்து தள்ளித் தள்ளிச் சுருட்டுகிறது. அந்த அழுத்தத்தில் தகடு கொஞ்சம் குறுகித் தடிக்கிறது, அந்தக் கோடு வெளிப்பக்கம் நகர்கிறது. உள் ஆரம் கனத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் நடுக்கோட்டுக் கணக்கு சரியாக வரும். ஆரமும் கனமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அந்தக் கோடு உள்முகத்திலிருந்து கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி நிற்கும்.

உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். கனம் 2, உள் ஆரம் 2.5. இந்த விகிதத்துக்கு அந்தக் கோடு கனத்தில் 0.64 பங்கு தள்ளி நிற்பதாக எடுக்கலாம். அப்படியானால் ஆரம் 2.5 + 1.28 = 3.78 மி.மீ. தகட்டின் நுனி சுற்றி வந்து பட்டையை (கதவில் திருகும் தட்டையான பகுதியை) தொடும்வரை சுமார் 300 பாகை சுருளும். நடுக்கோட்டுக் கணக்கில் 18.3 மி.மீ. வரும், இந்தக் கணக்கில் 19.8. உங்கள் நக்கிளில் தெரியும் வாய் இந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

இதையும் தொடக்க அளவாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். பிளாங்கிங் டையை (தகட்டிலிருந்து துண்டை வெட்டி எடுக்கும் டையை) செய்வதற்கு முன் கையால் வெட்டிய துண்டுகளைச் சுருட்டும் டையில் போட்டுப் பார்த்து நீளத்தை முடிவு செய்யுங்கள். முதலில் சுருட்டும் டை, பிறகு பிளாங்கிங் டை. இந்த வரிசையை மாற்றியவர்கள் டையை இரண்டு முறை செய்வார்கள்.

அண்ணா, நேராக நிற்கும் தகட்டின் மேல் பள்ளம் வெட்டிய பஞ்சை (மேலிருந்து இறங்கும் அச்சை) இறக்கினால் சில துண்டுகள் சுருளாமல் நடுவில் மடங்கிவிடுகின்றன. ஏன்?

தம்பி, முன்வளைவு கொடுக்கிறீர்களா? தட்டையான ஓரத்தைப் பள்ளத்தில் நேராகத் தள்ளினால் அது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் முட்டி நிற்கும். நுனியை மட்டும் முதல் அடியில் கொஞ்சம் வளைத்துவிட வேண்டும். அந்த வளைவின் ஆரம் நக்கிளின் ஆரத்தோடு ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் பிறகு எந்த டையும் நுனியைத் திருத்தாது. நுனி தட்டையாக இருந்தால் கடைசிவரை தட்டைதான். நக்கிள் வட்டமாக வராமல் ஒரு பக்கம் சப்பையாக நிற்கும்.

அடுத்தது, பட்டையை இருபுறமும் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கு வெளியே நிற்கும் உயரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கனமான, குட்டையான பட்டைக்கு மேலிருந்து இறங்கும் டை போதும். மெல்லிய தகட்டுக்குப் பட்டையைப் படுக்க வைத்து, மேலே பிரஷர் பேட் அழுத்த, பக்கவாட்டில் கேம் ஸ்லைடு (பிரஸ் இறங்கும்போது பக்கவாட்டில் நகரும் துண்டு) வந்து சுருட்டும் டைதான் சரி. செலவு கூடும், ஆனால் நக்கிள் ஒரே சீராக வரும்.

பள்ளத்தின் உள்ளே பாலிஷ் போட்டிருக்கிறீர்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடைசல் கோடுகள் தகடு ஓடும் திசைக்குக் குறுக்கே இருந்தால் ஒவ்வொரு கோடும் தகட்டைப் பிடிக்கும். டி2 எஃகில் செய்து 58 முதல் 60 ஹெச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு) வரை கடினப்படுத்தி, தகடு ஓடும் திசையிலேயே மெருகேற்றுங்கள்.

நக்கிளின் வெளிப்பக்கத்தில் பின்னுக்கு இணையாக மயிரிழை விரிசல் தெரிகிறது. தகடு மோசமா?

தகட்டைச் சந்தேகிப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, தகடு உருண்டு வந்த திசை. பின்னின் அச்சு அந்தத் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். காயிலில் இருந்து ஸ்ட்ரிப்பாக ஓட்டுகிறீர்கள் என்றால் கீலின் 75 மி.மீ. நீளம் ஸ்ட்ரிப்பின் அகலத்தில் கிடக்கும்படி லேஅவுட் போடுங்கள். நீளவாக்கில் போட்டால் விரிசலை நீங்களே வரவழைக்கிறீர்கள்.

இரண்டு, பிசிறு எந்தப் பக்கம்? வெட்டிய துண்டின் ஒரு முகத்தில் ஓரம் மழுங்கலாகவும் மறு முகத்தில் பிசிறோடும் இருக்கும். பிசிறு முகம் நக்கிளின் உள்பக்கம் போக வேண்டும். வெளியே இருந்தால் இழுபடும் பக்கத்தில் பிசிறின் ஒவ்வொரு பல்லும் ஒரு விரிசலின் தொடக்கம், பள்ளத்தையும் சுரண்டும். பிசிறே அதிகம் என்றால் பஞ்சும் டையும் மழுங்கிவிட்டன அல்லது கிளியரன்ஸ் (பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி) தப்பு. 2 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டுக்குப் பக்கத்துக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை வையுங்கள்.

ஒரு பட்டையில் மூன்று விரல் (நக்கிளாகச் சுருளும் நீட்டல்), மற்றதில் இரண்டு. ஒன்றின் விரல்கள் மற்றதன் இடைவெளியில் கிடக்கும்படி ஒரே வெட்டில் பிரித்தால் தகடு மிச்சமாகாதா?

ஆகும், சோடிக்கு ஒரு விரல் நீளம் மிச்சம். ஆனால் கழிவே இல்லாமல் பிரித்தால் விரலும் அது நுழைய வேண்டிய இடைவெளியும் ஒரே அளவில் இருக்கும். கோத்தால் நகராது. அதோடு ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: சுருட்டும்போது விரலின் இரு ஓரங்களும் உள்பக்கம் சற்றுப் பிதுங்கும். சுருட்டிய விரலை வெளிச்சத்தில் பக்கவாட்டில் திருப்பினால் உள் விளிம்பு புடைத்திருப்பது தெரியும். கீல் கரகரவென்று திரும்பினால், பெரும்பாலும் இந்தப் புடைப்பும் பிசிறும் ஒன்றோடொன்று உரசுவதுதான். அதனால் தட்டையாக இருக்கும்போது இடைவெளியில் கொடுக்கும் தாராளம் இந்தப் பிதுக்கத்தையும் சேர்த்து இருக்க வேண்டும். பிரித்த பிறகு ஓரங்களைச் செதுக்க இன்னொரு அடி வைக்க முடிந்தால் உங்கள் யோசனையைச் செய்யலாம். இல்லையென்றால் தனித்தனியாக வெட்டுங்கள்.

எத்தனை டன் பிரஸ் வேண்டும்?

வெட்டும் விளிம்பின் மொத்த நீளம் × கனம் × தகட்டின் வெட்டு வலிமை. மூன்று விரல் பட்டைக்கு விளிம்பு சுமார் 320 மி.மீ., கனம் 2, எம்.எஸ்.ஸுக்கு வலிமை சதுர மி.மீ.க்கு 320 நியூட்டன் என்று வைத்தால் 2,05,000 நியூட்டன், அதாவது 21 டன். திருகுத் துளைகளும் அதே அடியில் என்றால் இன்னும் மூன்று டன். மழுங்கிய டைக்கும் சேர்த்து இடம் விட்டு 40 டன் பிரஸ் எடுங்கள்.

ஐயா, அதே டையில் 304 ஸ்டெயின்லெஸ் ஓட்டலாமா?

வெட்டும் டன் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் ஏறும், கிளியரன்ஸும் கூட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை சுருட்டுவதில். 304 வளைய வளைய இறுகும், விட்டால் பின்னோக்கி விரியும். எம்.எஸ்.ஸுக்குச் செய்த பள்ளத்தில் நக்கிள் பெரிதாக நிற்கும், ஆகவே சிறிய ஆரத்தில் தனிப் பள்ளம் தேவை. பள்ளத்தின் எஃகில் ஸ்டெயின்லெஸ் ஒட்டிப் பிய்ந்து கோடு போடும். அலுமினியம் பிரான்ஸ் இன்சர்ட்டும் அதிக அழுத்தம் தாங்கும் எண்ணெயும் இருந்தால் இது வெகுவாகக் குறையும்.

கொஞ்ச மாதத்தில் பின் தானாக மேலே ஏறி வருகிறது என்று புகார்.

பின் இரண்டு பட்டைகளிலும் தளர்வாக இருக்கிறது. கதவு திரும்பும்போதெல்லாம் அதுவும் கொஞ்சம் திரும்பிக் கொஞ்சம் ஏறுகிறது. மூன்று நக்கிள் உள்ள பட்டையில் பின் இறுக்கமாக உட்கார வேண்டும், இரண்டு உள்ளதில் மட்டும் சுழல வேண்டும். பின்னின் தலைக்குக் கீழே நர்லிங் (பிடிப்புக்கான வரிகள்) போடுங்கள், அல்லது இரு முனைகளையும் ரிவெட் அடித்துவிடுங்கள்.

ஜிங்க் பிளேட்டிங் கோத்த பிறகு செய்யலாமா? தனித்தனியாகச் செய்தால் கூலி கூடுகிறது.

கூடட்டும். கோத்த பிறகு தொட்டியில் இறக்கினால் நக்கிளுக்குள் அமிலமும் உப்பும் தங்கிவிடும், கழுவினாலும் போகாது. ஜிங்க்கும் அவ்வளவு உள்ளே போய் ஒட்டாது. வெளியே பளபளக்கும் கீலிலிருந்து சில வாரத்தில் துருநீர் கோடாக இறங்கி நிலைக்கதவின் வண்ணத்தைக் கெடுக்கும். பட்டைகளையும் பின்னையும் தனியாகப் பிளேட்டிங் செய்து, கிரீஸ் தடவிக் கோத்துவிடுங்கள்.

கதவு தொங்கி, மேல் கீலின் நக்கிள் விரிந்துவிட்டது. 30 கிலோ கதவைக்கூட 2 மி.மீ. தாங்காதா?

தாங்கும். கணக்கைப் பாருங்கள். கதவின் அகலம் 900 மி.மீ., மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நடுவே 1,500. கதவின் பாரம் அகலத்தின் பாதியில் இருப்பதாகக் கொண்டால் மேல் கீலைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை 30 × 450 ÷ 1,500 = 9 கிலோ. இந்த விசையில் 2 மி.மீ. நக்கிள் விரியாது.

விரிந்திருக்கிறது என்றால் கீல் பக்கத்து இடுக்கில் எதுவோ சிக்கியிருக்கும். பின்னிலிருந்து 20 மி.மீ. தூரத்தில் ஒரு மரச் செதிள் மாட்டியிருக்க, 850 மி.மீ. தள்ளியுள்ள கைப்பிடியில் 10 கிலோ விசையில் தள்ளினால் செதிளின் இடத்தில் 425 கிலோ! அதில் ஏறக்குறைய முழுவதும் கீல்களைத்தான் பிய்க்கும். இப்படிப்பட்ட கதவுக்கு நக்கிளின் நுனியைப் பட்டையோடு வெல்டு வைத்த கீல் கொடுங்கள்.

மூடிய கதவில் இடைவெளி அதிகம் தெரிகிறது.

பட்டையை நேராக விட்டிருக்கிறீர்கள். அப்போது இரு பட்டைகளுக்கும் நடுவே பின்னின் விட்டம் அளவுக்கு, உங்களுக்கு 5 மி.மீ., இடைவெளி நிற்கும். நக்கிளுக்கு அருகே பட்டையை உள்பக்கமாக ஒரு படி அழுத்திவிட்டால் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவரலாம்.

கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு) போட்டால் உற்பத்தி பாதியாகிறது என்று ஆட்கள் கழற்றிவிடுகிறார்கள். சுருட்டும் டையில் துண்டைக் கையால்தானே நிறுத்த வேண்டியிருக்கிறது?

கையால் நிறுத்த வேண்டியிருந்தால் அந்த டை முடியவில்லை என்று அர்த்தம். துண்டு தானாக நிற்க ஒரு கூடும், வெளியிலிருந்து தள்ளிவிட ஒரு ஸ்லைடும் செய்யுங்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். ஸ்லைடு வந்துவிட்டால் கார்டோடு ஓட்டும் வேகம் கையால் வைப்பதைவிடக் குறையாது. அதுவரை அந்த பிரஸ்ஸை நிறுத்தி வையுங்கள். விரல் போன ஆளுக்கு எந்த உற்பத்திக் கணக்கும் பதிலாகாது.

அனுப்புவதற்கு முன் என்ன சோதிக்கலாம்?

கோப்பதற்கு முன், உள்ளே போக வேண்டிய அளவில் ஒரு கேஜ் பின், போகவே கூடாத அளவில் ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலும் சில பட்டைகளை எடுத்து இரண்டையும் போட்டுப் பாருங்கள். கோத்த பிறகு ஒரு பட்டையைப் பிடித்து மற்றதைத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே விழ வேண்டும், பின்னின் நீளவாக்கில் ஆட்டினால் லேசாக மட்டும் ஆட வேண்டும். ஐரோப்பிய இஎன் 1935 தரத்தின் உயர்ந்த பிரிவில் 2 லட்சம் முறை திறந்து மூடிச் சோதிக்கிறார்கள். உங்களால் அவ்வளவு முடியாவிட்டாலும், ஒரு சிறு மோட்டாரும் கிராங்கும் வைத்து, எடை கட்டிய கதவுச் சட்டத்தில் ஒவ்வொரு புதிய காயிலுக்கும் ஒரு சோடியை ஓடவிடுங்கள். பின்னைக் கழற்றினால் தேய்மானம் எந்த நக்கிளில் விழுந்திருக்கிறது என்று தெரியும். ஒரே நக்கிளில் மட்டும் என்றால் அந்த விரல் மற்றவற்றோடு நேர்க்கோட்டில் இல்லை.