கடைக்கு மேலே ஒரு வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஸ்டாங்கர் கடைவீதியில் என் மாமனார் கட்டிய மாடிக் கட்டடம் எங்களுக்கு இருக்கிறது. கீழே துணிக்கடை நடக்கிறது. மாடி பல ஆண்டுகளாகச் சரக்கறையாகவே கிடக்கிறது. கடைகளிலும் மருத்துவமனையிலும் வேலை செய்பவர்கள் வாடகைக்கு இடம் கேட்டு அடிக்கடி வருகிறார்கள். மாடியைச் சிறு வீடுகளாக மாற்றினால், அவர்களால் கொடுக்க முடிந்த வாடகையில் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?
— ஒரு வாசகி, ஸ்டாங்கர்

பதில்: குடிவரப்போகிறவரின் சம்பளத்திலிருந்து கணக்கைத் தொடங்கினால் கட்டுப்படியாகும், சகோதரி. 2025 மார்ச் 1 முதல் தென்னாப்பிரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் என்று வைக்கப்பட்டது. வாரத்துக்கு 45 மணி நேரம் உழைப்பவருக்கு அந்தக் கூலியில் மாதம் ஏறத்தாழ 5,600 ராண்ட் கிடைக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்கு ஒதுக்கினால் ஏறத்தாழ 1,870 ராண்டுதான் வரும். ஊருக்கு வெளியே உள்ள குரூட்வில்லிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ, பலர் சேர்ந்து போகும் டாக்சி வேனுக்குத் தினமும் இரண்டு முறை கட்டணம் கொடுப்பவர், வேலைக்கு நடந்தே போகலாம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டித் தருவார். ஆனாலும் அந்தத் தொகையை மனத்தில் நிறுத்திக்கொண்ட பிறகே கொத்தனாரை அழையுங்கள். நிலத்துக்கு நீங்கள் புதிதாக விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதும், கூரைக்கும் நகராட்சி வரிக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கீழ்க்கடையே தாங்கும் என்பதும் உங்களுக்குப் பெரிய பலம். ஊருக்கு வெளியே வெற்று மனை வாங்கிக் கட்டுகிறவருக்கு இந்த இரண்டும் கிடையாது.

முதல் வேலை வரைபடம். சரக்கறையைக் குடியிருப்பாக மாற்றுவதற்கு நகராட்சியின் ஒப்புதல் வேண்டும். கட்டடப் பரப்பு 500 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால், முறையான விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் நகராட்சி முடிவு சொல்ல வேண்டும் என்று 1977ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம் கூறுகிறது. மாமனார் காலத்துக் கட்டடம் என்கிறீர்கள். அதற்கு 60 வயது கடந்திருந்தால், குவாசூலு-நட்டால் மாகாணத்தின் மரபுச்சின்ன அமைப்பான அமாஃபாவின் அனுமதியில்லாமல் ஒரு சுவரைக்கூட இடிக்கக் கூடாது. இதை அறியாமல் முன்முகப்பை உடைத்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

நம் பழைய கடைக்கட்டடங்கள் குறுகலாகவும் ஆழமாகவும் இருப்பவை. தெருப்பக்கமும் பின்பக்கமும் வெளிச்சம் இருக்கும், நடுப்பகுதி இருண்டு கிடக்கும். மனிதர் வாழும் ஒவ்வொரு அறைக்கும் அதன் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது சன்னல் வேண்டும் என்பது விதி. ஆகவே அறைகளை முன்னும் பின்னும் வைத்து, குளியலறைகளையும் நடைவழியையும் நடுவில் வையுங்கள். இரண்டு அறைகள் கூடுதலாகக் கிடைக்குமே என்று நடுவில் சன்னலில்லாத அறைகளைத் தடுத்துவிடாதீர்கள். மாடிப்படி கடைக்குள்ளிருந்து ஏறுவதாக இருந்தால், இரவில் கடையைப் பூட்டியதும் மேலே இருப்பவர்கள் சிறைப்பட்டுவிடுவார்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று ஜோஹனஸ்பர்க்கின் உசிந்திசோ கட்டடத்தில் பற்றிய தீ எழுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்ததை நாம் மறக்க முடியாது. தெருவுக்கு நேராக இறங்கும் தனிப் படிக்கட்டுக்கும், தீயைத் தாங்கும் கதவுகளுக்கும் ஆகும் செலவைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். குறைத்தே ஆக வேண்டுமானால் தரை ஓட்டிலும் சமையலறை அலமாரியிலும் குறையுங்கள்.

வரியைப் பொறுத்தவரை, குடியிருப்பு வாடகைக்கு வாட் வரி கிடையாது. அதனால் மாடியைப் புதுப்பிக்கும்போது நீங்கள் கட்டும் வாட் வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. கடைக்கு வாட் கணக்கு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். வாடகைக்கு விடும் வீடுகள் குறைந்தது ஐந்து இருந்தால், வருமான வரிக் கணக்கில் அந்த வீடுகளுக்கான செலவில் ஆண்டுக்கு 5 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள வழியுண்டு. நான்கா ஐந்தா என்று முடிவு செய்வதற்கு முன் கணக்காளரைக் கேளுங்கள்.

2008ஆம் ஆண்டுச் சமூக வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் அரசு மானியம் கிடைக்குமா என்ற எண்ணமும் உங்களுக்கு எழலாம். மாதம் 1,850 முதல் 22,000 ராண்ட் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்காக, அதற்கென அறிவிக்கப்பட்ட நகரப் பகுதிகளில், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் கட்டி நடத்தும் பெரிய திட்டங்களுக்கே அது பொருந்தும். ஒரு குடும்பத்தின் மாடிக்கு அந்தப் பணம் வராது.

கடைக்குப் பின்னாலும் மேலேயும் குடியிருந்து வியாபாரம் செய்த நம் முன்னோர் பலரை, 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் ஊர் நடுவிலிருந்து பெயர்த்தது. உழைப்பவர்கள் அதே ஊர் நடுவில் மறுபடியும் விளக்கேற்றி வாழ நீங்கள் இடம் தர நினைப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

கேள்வி: எங்கள் கடை மாடியில் குடியிருப்பவர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பூட்டை மாற்றலாமா?
— ஒரு வாசகர், வெருலம்

பதில்: கூடவே கூடாது. நீதிமன்ற உத்தரவின்றி யாரையும் அவருடைய வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது என்று அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு சொல்கிறது. பூட்டை மாற்றினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் குற்றவாளியாக நிற்பவர் நீங்களாகிவிடுவீர்கள். முதலில் பாக்கியை எழுத்தில் கேளுங்கள். பிறகு வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், அங்கே கட்டணம் இல்லை. வெளியேற்றும் உத்தரவை மட்டும் நீதிமன்றத்தில்தான் பெற முடியும். குடியிருப்பவருக்கு வேலை பறிபோயிருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். தவணை முறையில் பாக்கியைக் கட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்திடுபவரை வைத்திருப்பது, வழக்கு நடத்தி வீட்டைக் காலியாகப் போடுவதைவிடப் பெரும்பாலும் செலவு குறைவானது.

கேள்வி: காலி செய்து ஒரு மாதமாகியும் வீட்டுக்காரர் முன்பணத்தைத் தரவில்லையே?
— ஒரு வாசகர், டொங்காட்

பதில்: 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி அந்தப் பணம் வட்டி தரும் கணக்கில் இருந்திருக்க வேண்டும், வட்டியும் உங்களுடையதே. பாக்கி எதுவும் இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்த 7 நாட்களுக்குள்ளும், பழுது பார்க்க வேண்டியிருந்தால் நீங்கள் வீட்டைத் திரும்ப ஒப்படைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள்ளும் மீதியைத் தர வேண்டும். பழுது பார்த்த ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குடிபோகும்போதும் காலி செய்யும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டு எழுதிவைத்த குறிப்பு கையில் இருந்தால், அதையும் எடுத்துக்கொண்டு அதே தீர்ப்பாயத்தில் முறையிடுங்கள்.