அமெரிக்காவில் தன்னார்வத் தீயணைப்பு வீரர் கைக்காசுச் செலவுக்கு வரிக்கழிவு பெற முடியுமா?

முடியும். ஆனால் 2025 வருமானக் கணக்கில், பொதுக் கழிவை (செலவுக் கணக்குக் காட்டாமலே எடுக்கும் நிலையான தொகை) விட்டுவிட்டு ‘ஷெட்யூல் ஏ’ படிவத்தில் செலவுகளை இனவாரியாகக் காட்டுபவருக்கு மட்டுமே. பெரும்பாலோர் பொதுக் கழிவையே எடுப்பதால், பலருக்கு இது ஏட்டுச் சுரைக்காய்தான்.

நிலையம் திருப்பித் தராத செலவுகள்தான் கணக்கில் வரும். அழைப்பு வந்து சொந்தக் காரில் ஓடினால் மைலுக்கு 14 சென்ட் கழிக்கலாம். பார்க்கிங், சுங்கம் தனி. தொழில்முறைப் பயணத்துக்கு 2025இல் 70 சென்ட் கழிக்க அனுமதித்த அரசு, தொண்டுக்கு மட்டும் 1998 முதல் இதே தொகையில் நிற்பது கஞ்சத்தனம். பெட்ரோல், ஆயில் ரசீதுகளை வைத்திருந்தால் 14 சென்ட்டுக்குப் பதிலாக அந்த உண்மைச் செலவையே காட்டலாம்.

அன்றாடம் அணிய முடியாத சீருடையும் அதன் சலவையும் சேரும். செலவிட்ட நேரத்துக்கு ஒன்றுமில்லை. செலவு 250 டாலரைத் தொட்டால், சேவையை உறுதிப்படுத்தும் கடிதத்தை நிலையத்திடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.