கணினிக் கேள்வி-பதில்: முந்நூறு பேர் ஒரே வரியில்

கேள்வி: ஐயா, எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கோலாலம்பூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பினார். என் பழைய விண்டோஸ் 7 கணினியில் நோட்பேடில் திறந்தால் முந்நூறு பேரும் ஒரே வரியில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவருடைய மேக்கில் சரியாகத் தெரிகிறதாம். தப்பு யாருடையது?
- ஒரு வாசகி, ஜெலுத்தோங்

பதில்: தப்பைத் தேடினால், தட்டுவதைக் கம்பி வழியாக அனுப்பி மறுமுனையில் தாளில் அச்சடித்த டெலக்ஸ் இயந்திரக் காலத்துக்குப் போக வேண்டும், அம்மா. நான் அந்தக் காலத்து ஆள்தான். 1981-இல் ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் டெலக்ஸ் தட்டிக்கொண்டிருந்தேன். வரி முடிந்தால் இரண்டு விசைகளைத் தட்ட வேண்டும். ஒன்று அச்சடிக்கும் தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவரும். மற்றது தாளை ஒரு வரி மேலே தள்ளும். முதல் வாரமே இரண்டாவதை மறந்தேன். சரக்குப் பட்டியலில் ஒரு வரிமேல் இன்னொரு வரி விழுந்து கறுப்புக் கோடாகிவிட்டது. மேலாளர் சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

கணினிக்கு ஆஸ்கி குறியீடு, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண், வகுத்தவர்கள் இந்த இரண்டு வேலைகளுக்கும் 13, 10 என்று தனித்தனி எண் கொடுத்தார்கள். 1963-இல் வந்த டெலிடைப் 33 என்ற அச்சு இயந்திரம் நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். ஓர் எழுத்து அடிக்கிற நேரத்துக்குள் தலை வலக்கோடியிலிருந்து திரும்பி வந்து சேராது. அதனால் 13-ஐ முதலில் அனுப்பி, தலை ஓடிவரும்போதே 10-ஐ அனுப்புவார்கள். காத்திருக்கும் நேரம் வீணாகாது. கெட்டிக்காரத்தனம்தான்!

அப்புறம் பாகப்பிரிவினை. கோப்பில் வரி முடிவைக் குறிக்க, யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காரர்கள் 10 மட்டும் போதும் என்றார்கள். பழைய மேக் 13-ஐ வைத்துக்கொண்டது. 2001-இல் மேக் ஓ.எஸ். 10 வந்தபோது யூனிக்ஸ் வழிக்கு மாறியது. சிபிஎம் என்ற இயங்குதளம் இரண்டையும் வைத்திருந்தது. 1981-இல் வந்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் அதைப் பின்பற்ற, விண்டோஸுக்கும் அதுவே வந்தது. தம்பியின் கோப்பில் 10 மட்டும் இருந்திருக்கும். உங்கள் நோட்பேட் 13-ஐயும் எதிர்பார்த்தது. 2018-இல்தான் விண்டோஸ் 10-இன் நோட்பேட் இதைச் சரிசெய்துகொண்டது. நீங்கள் கோப்பை வேர்ட்பேடில் திறங்கள், பட்டியல் சரியாக வரும்.

இந்த இரட்டை எண்ணை இன்னும் ஏன் ஒழிக்கவில்லை என்றால், எதிர்முனையில் இருப்பவரும் அதே நாளில் மாற வேண்டுமே. மின்னஞ்சல் விதிப்படி இன்றைக்கும் வரிக்கு வரி 13, 10 இரண்டும் போயாக வேண்டும். டெலக்ஸைத் தூக்கிப் போட்டாயிற்று, அதன் விசைகள் மட்டும் கம்பிக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: தட்டச்சுப் பள்ளியில் படித்த என் அப்பா, கணினியிலும் 'க்' எழுதப் புள்ளியை முதலில் தட்டுகிறார். தமிழ்99 என்ற கணினி விசைப்பலகை முறையைப் பழகச் சொன்னால் கோபம் வருகிறது.
- ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: எனக்கும் வரும். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் புள்ளி நகராத விசை. அதைத் தட்டினால் தாள் நகராது. அதே இடத்தில் அடுத்து 'க' வந்து விழும். அதனால்தான் புள்ளி முதலில். பழைய விசைப்பலகையை அப்படியே தரும் மென்பொருள்கள் பின்னால் வரிசையை மாற்றிக்கொள்கின்றன. 'கொ' எழுத அவர் கொம்பு, க, கால் என்று தட்டுவார்; எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் 'க'தான் முதலில் சேமிக்கப்படும். தமிழ்99 எளிது, 1999-லிருந்து பலர் பழகிவிட்டார்கள். ஆனால் அப்பா நிமிடத்துக்கு எத்தனை சொல் அடிக்கிறார் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், தம்பி. உங்களைவிட வேகமாக அடித்தால் விட்டுவிடுங்கள்.