சம்பளமும் சேமிப்பும் ஒரே லாரியில் ஏற வேண்டாம்

கேள்வி: பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். அமெரிக்கா வரி போட்டதிலிருந்து நைட் ஷிப்ட் இல்லை. கையில் 6 லட்சம் இருக்கிறது. முதலாளி 2 ரூபாய் வட்டிக்குக் கேட்கிறார். மச்சானோ, டாலர் சரியப்போகிறது, மொத்தத்துக்கும் நகை வாங்கு என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலாளிக்குக் கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் சம்பளம் ஏற்கெனவே அமெரிக்காக்காரர் சமையல் மேடைக்கு ஸ்லாப் வாங்குவாரா என்பதை நம்பி இருக்கிறது. அசலும் அதையே நம்ப வேண்டுமா? 2 ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். பேங்கில் கடன் கிடைக்கிறவர் அந்த வட்டிக்கு உங்களிடம் வருவாரா?

2025 ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம் வரி வந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று 27-ம் தேதி இன்னொரு 25. கல்லுக்கும் கச்சா எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யா தள்ளுபடியில் விற்றது, நாம் வாங்கினோம், அதற்கான பில் பர்கூரில் வந்து விழுந்தது. ஒரு அறிவிப்பில் ஏறிய வரி இன்னொரு அறிவிப்பில் இறங்கலாம். அதற்கு நாள் குறித்துப் பணம் போட முடியாது.

மச்சான் சொல்வதில் பாதி உண்மை. 2022-ல் ரஷ்யாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலர் மதிப்புள்ளதை மேற்கு நாடுகள் முடக்கின. நமக்கும் இந்தக் கதி வரலாம் என்று மற்ற நாடுகள் உஷாராகின. அந்த வருஷத்திலிருந்து 2024 வரை மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. ஆனால் டாலருக்குப் பதிலாக வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பிரிக்ஸ் (இந்தியா, ரஷ்யா, சீனா உள்ளிட்ட நாடுகளின் கூட்டணி) நாணயம் எந்தக் கடையிலும் செல்லாது. இன்னொன்று, 2013-ல் ஒரே வருஷத்தில் தங்கம் டாலர் கணக்கில் கால் பங்குக்கு மேல் விழுந்தது. நகையென்றால் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் வாங்கும் அன்றே போனதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். வீட்டுச் செலவு மாதம் 25,000 என்றால், ஒரு வருஷத்துக்கான 3 லட்சத்தை 50,000 வீதம் ஆறு டெபாசிட் ரசீதாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற ஐந்தும் தப்பிக்கும். நகைக்கடன் இருந்தால் அடுத்து அதை மீட்டுவிடுங்கள். தங்கம் 60,000 ரூபாய்க்குப் போதும், அதுவும் கோல்டு ஈடிஎஃப்பில், அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கிற தங்க ஃபண்டில். மீதியை வேறு பேங்கில் போடுங்கள், ஒரு பேங்கில் 5 லட்சம் வரைதான் காப்பீடு.

முதலாளியிடம் நேரே மறுக்கக் கூச்சமாக இருந்தால், பணம் டெபாசிட்டில் போய்விட்டது என்று சொல்லுங்கள். அது பொய்யாகிவிடாமல் இருக்க, அவர் மறுபடி கேட்பதற்குள் பேங்குக்குப் போய் வந்துவிடுங்கள்.