தலையைத் திருப்பினால் காட்சி திக்குகிறதே! ஃப்ளைட் சிமுலேட்டர் வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை, தலை அசைவைக் கேமராவில் கண்டு காட்சியைத் திருப்பும் ஓப்பன்டிராக் மென்பொருளோடு ஓட்டுகிறேன். சாதாரண வெப்கேம், தொப்பியில் மூன்று எல்ஈடி கிளிப். நேராகப் பார்த்துப் பறக்கும்வரை ஒரு குறையும் இல்லை. தரையிறங்கும்முன் ஓடுபாதையைத் தேடி இடப்பக்கம் திரும்பினால் காட்சி வெட்டி வெட்டி நகர்கிறது. ஃபிரேம் கவுன்ட்டர் (வினாடிக்கு எத்தனை படம் என்ற எண்) 45-இலேயே நிற்கிறது, கீழே இறங்குவதில்லை. கேமராவை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். தலை அசைவு திரைக்கு வருவதற்குள் மூன்று கைகள் மாறுகிறது: கேமரா படம் பிடிக்கிறது, ஓப்பன்டிராக் கோணத்தைக் கணக்கிடுகிறது, சிமுலேட்டர் புதிய கோணத்தில் காட்சியை வரைகிறது. மூன்றில் எது தடுக்கினாலும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் பலர் அசைவை நிரவும் ஃபில்டரைத் திருகித் திருகி அலுத்துப்போகிறார்கள்.

முதலில் ஓப்பன்டிராக்கை நிறுத்துங்கள். காக்பிட்டில் வலது மவுஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, தலையைத் திருப்பும் அதே வேகத்தில் இடப்பக்கம் பாருங்கள். அப்போதும் வெட்டினால் கேமராமேல் குற்றம் இல்லை. அடுத்து சிமுலேட்டரை மூடிவிட்டு ஓப்பன்டிராக்கை மட்டும் ஓட்டி, அதன் சாளரத்தில் தலையோடு சேர்ந்து அசையும் ஆக்டோபஸ் உருவத்தைப் பார்த்தபடி தலையை மெதுவாகத் திருப்புங்கள். அது தடுக்கினால் கோளாறு கேமராவிலோ ஒளியிலோ யூஎஸ்பியிலோ இருக்கிறது. இரண்டு சோதனையும் வழுவழுப்பாக இருந்து, இரண்டும் சேர்ந்து ஓடும்போது மட்டும் திக்கினால், பிராசஸர் நேரத்துக்காக இரண்டு நிரல்களும் இழுபறி செய்கின்றன என்று பொருள்.

இனி உங்கள் 45-க்கு வருவோம். கவுன்ட்டர் இறங்கவில்லை என்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பது என்றால், 45 ஃபிரேம்களை 60 இடங்களில் நிரப்ப மூன்றில் ஒரு ஃபிரேம் இருமடங்கு நேரம் திரையில் நிற்க வேண்டும். வெப்கேம் 30 ஃபிரேம் என்றால் இன்னொரு சீரின்மை சேர்கிறது: ஒரு கேமரா படம் சிமுலேட்டரின் ஒரு ஃபிரேமுக்கும், அடுத்தது இரண்டு ஃபிரேமுக்கும் என்று மாறி மாறிப் பயன்படும். ஓப்பன்டிராக்கின் ஃபில்டர் இடைவெளியை ஓரளவு நிரவும், முழுக்க மறைக்காது. நேராகப் பார்க்கும்போது காட்சி அதிகம் நகராததால் இது தெரிவதில்லை. பக்கவாட்டில் திரும்பியதும் பளிச்சென்று தெரிகிறது.

அதற்குமேல் பெருக்கம் இருக்கிறது. நீங்கள் 30 டிகிரி திரும்பினால் காட்சி 120 டிகிரி திரும்பும்படி கர்வ் (தலையின் கோணத்தைக் காட்சியின் கோணமாக மாற்றும் வரைகோடு) வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அரை வினாடியில் திரும்பினால் காட்சியின் வேகம் வினாடிக்கு 240 டிகிரி. 45 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 5.3 டிகிரி தாவல். பார்வைக் கோணம் 60 டிகிரி, திரை அகலம் 1920 பிக்சல் என்றால் ஒரே தாவலில் சுமார் 170 பிக்சல். 30 ஃபிரேமில் அது 256 ஆகிவிடும். இது எந்தக் கோளாறும் இல்லாத கணினியிலும் நடக்கும். கர்வைத் தணித்தாலோ ஃபிரேமைக் கூட்டினாலோதான் குறையும்.

ஆகவே செய்ய வேண்டியது: மானிட்டர் மாறும் புதுப்பிப்பு வேகத்தை ஏற்பதாக இருந்தால், அதாவது ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் வகை என்றால், அதை இயக்கிவிட்டு 40 அல்லது 45-இல் ஃபிரேமைப் பூட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் நிலைத்த மானிட்டர் என்றால் 60-ஐ எட்டும்வரை மேகம், நிழல், நிலப்பரப்பு நுணுக்கம் ஆகியவற்றைக் குறையுங்கள். முடியாவிட்டால் 30-இல் பூட்டிக் கர்வைச் சாய்வாக்குங்கள். ஹெட் டிராக்கிங்கைப் பொறுத்தவரை, 38-க்கும் 55-க்கும் இடையில் ஊசலாடுவதைவிட அசையாத 30 எவ்வளவோ மேல்.

முதல்முறை இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் ஒரு பெரிய இடறல், இரண்டாம் முறை இல்லை என்றால் அது வேறு விஷயம். திரைக்கு வெளியே இருக்கும் நிலப்பரப்பை சிமுலேட்டர் அப்போதுதான் ஏற்றுகிறது. கிராஃபிக்ஸ் அமைப்பில் ஆஃப் ஸ்கிரீன் டெரெய்ன் ப்ரீ-கேச்சிங் என்றிருப்பதை அல்ட்ராவுக்கு உயர்த்துங்கள். கூடுதல் நினைவகம் பிடிக்கும். தலையைத் திருப்பிப் பறப்பவர்களுக்கு அது தகும்.

கேள்வி: கேமரா பெட்டியில் 60 ஃபிரேம் என்று போட்டிருக்கிறது. ஓப்பன்டிராக்கில் 15 அல்லது 20-தான் வருகிறது. இரவில் இன்னும் மோசம். எல்ஈடி எதுவும் இல்லை, முகத்தை வைத்துத்தான் டிராக் செய்கிறேன்.

பதில்: இரவில் மோசமாவது தடயம். தானியங்கி எக்ஸ்போஷர் இருட்டைச் சமாளிக்க ஒவ்வொரு படத்தையும் நெடுநேரம் திறந்துவைக்கிறது. 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்டுக்குமேல் கிடைக்காது. கேமரா அமைப்பில் ஆட்டோ எக்ஸ்போஷர் டிக்கை எடுத்துவிட்டு அளவை நீங்களே வையுங்கள். விண்டோஸில் பெரும்பாலான கேமராக்கள் காட்டும் எக்ஸ்போஷர் எண், இரண்டின் அடுக்கு: மைனஸ் 5 என்றால் 1/32 வினாடி, மைனஸ் 6 என்றால் 1/64. ஆக 60-க்கு மைனஸ் 6 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். படம் இருட்டானால் கெயினை (படத்தைச் செயற்கையாகப் பிரகாசமாக்கும் அமைப்பு) ஏற்றாதீர்கள், புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்து டிராக்கிங் நடுங்கும். முகத்தின்மேல் ஒரு விளக்கை வையுங்கள், அதுதான் உண்மையான மருந்து. குறைந்த ஒளி ஈடுகட்டும் வசதி எதுவும் கேமராவில் இருந்தால் அதையும் அணையுங்கள். மின்விளக்கு மினுக்கத்தைத் தவிர்க்க 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்று ஒரு அமைப்பு இருக்கும். அது உங்கள் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பொருந்தவில்லை என்றால் படத்தில் கோடுகள் மெதுவாக ஊர்ந்து செல்லும்.

பகலிலும் 60 வராவிட்டால் யூஎஸ்பியைப் பாருங்கள். 640க்கு 480 படம், பிக்சலுக்கு இரண்டு பைட் என்றால் ஒரு படம் 6,14,400 பைட். 30 ஃபிரேமுக்கு வினாடிக்கு 18.4 மெகாபைட், 60 ஃபிரேமுக்கு 36.9. யூஎஸ்பி 2.0 கேமராவுக்கு நேரம் தவறாமல் அனுப்பக் கிடைக்கும் பாதையின் உச்சவரம்போ 24.6 மெகாபைட்தான். அமுக்காத படத்தில் 60 உள்ளே நுழையவே நுழையாது. கேமரா வடிவத்தை, படத்தை அமுக்கி அனுப்பும் எம்ஜேபெக் என்று மாற்றுங்கள். தெளிவைக் கூட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். டிராக்கிங்குக்கு 640க்கு 480 தாராளம்.

ஹப்பில் ஜாய்ஸ்டிக், த்ராட்டில், பெடல் எல்லாம் இருக்க, கேமராவை மட்டும் மதர்போர்டின் பின்பக்கத் துளையில் நேராகச் சொருகுங்கள். பவர் பிளானில் யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்த அதை அணைக்க விண்டோஸுக்கு அனுமதி தரும் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆக்டோபஸ் அருமையாக ஆடுகிறது. சிமுலேட்டரை முழுத்திரையில் திறந்ததும் வினாடிக்கு நாலைந்து தடவை சின்னச் சின்ன இடறல். விண்டோஸ் 11.

பதில்: அந்த எண்ணிக்கையைக் கவனித்துச் சொன்னது நல்லது, பாதி விடை அதிலேயே இருக்கிறது. விண்டோஸின் வழக்கமான டைமர் 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 64 முறை துடிக்கும். டிராக்கிங் போன்ற நிரல்கள் இதைவிட நுண்ணிய டைமரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். விண்டோஸ் 11-இல் ஒரு நிரலின் சாளரம் மினிமைஸ் ஆகிவிட்டாலோ வேறு சாளரத்தால் முழுக்க மறைக்கப்பட்டாலோ, அந்த நுண்ணிய டைமருக்கு உத்தரவாதம் இல்லை. 64 துடிப்பில் வரும் கோணங்களை 60 ஃபிரேமில் வரைந்தால், வினாடிக்கு நான்கு ஃபிரேம்களில் இரண்டு அசைவு ஒன்றாக விழும். நீங்கள் பார்ப்பது அநேகமாக அதுதான்.

ஓப்பன்டிராக்கை மினிமைஸ் செய்யாதீர்கள். இரண்டாவது மானிட்டர் இருந்தால் அதில் திறந்தபடி விடுங்கள். ஒரே மானிட்டர்தான் என்றால் சிமுலேட்டரை சாளர முறையில் ஓட்டி, ஓப்பன்டிராக்கின் ஒரு ஓரமாவது வெளியே தெரியும்படி வைத்துச் சோதியுங்கள். இடறல் நின்றால் காரணம் உறுதி. டாஸ்க் மேனேஜரில் ஓப்பன்டிராக்குக்கு எஃபிஷியன்சி மோட் இருந்தால் நீக்கி, ப்ரையாரிட்டியை ஒரு படி மேலே ஏற்றுங்கள். ரியல்டைம் வரை போக வேண்டாம், மவுஸும் ஒலியும் தடுமாறத் தொடங்கும்.

கேள்வி: நானே செய்த கிளிப். மூன்று அகச்சிவப்பு எல்ஈடி, தொடரிணைப்பில், 47 ஓம் ரெசிஸ்டர், 5 வோல்ட் யூஎஸ்பி. திடீரென்று காட்சி உறைந்து, பிறகு ஒரு துள்ளல். ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக் அதிரும்போது அதிகம்.

பதில்: உறைந்து துள்ளுவது என்றால் மூன்று புள்ளிகளில் ஒன்று கேமராவின் கண்ணிலிருந்து மறைகிறது. உங்கள் சுற்றின் கணக்கைப் பார்ப்போம். எல்ஈடி ஒன்றுக்கு சுமார் 1.35 வோல்ட் வைத்தால் மூன்றுக்கு 4.05. மீதி 0.95 வோல்ட், 47 ஓமில் 20 மில்லியாம்ப். சரியான கணக்குதான், ஆனால் மீதி மிகக் குறைவு. ஸ்டிக்கும் கிளிப்பும் ஒரே ஹப்பில் இருந்து, ஸ்டிக் அதிரும்போது 5 வோல்ட் 4.7 ஆகத் தளர்ந்தால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 0.65 வோல்ட், மின்னோட்டம் சுமார் 14 மில்லியாம்ப். ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மங்குகிறது. புள்ளி சுருங்கி, ஓப்பன்டிராக்கில் நீங்கள் வைத்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விடுகிறது.

மூன்றையும் இணையாக்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 180 ஓம் கொடுங்கள். 5 வோல்ட்டில் அதே 20 மில்லியாம்ப், 4.7-க்கு இறங்கினாலும் 18.6. கால் வாட் ரெசிஸ்டர் போதும், மொத்தம் 60 மில்லியாம்ப்தான். ஒரே ரெசிஸ்டரை மூன்றுக்கும் பொதுவாகப் போட்டுவிடாதீர்கள், எல்ஈடிகள் சமமாக ஒளிராது. கிளிப்புக்கு ஸ்டிக் இல்லாத வேறு யூஎஸ்பி துளை.

தலை ஓரம் வரை திரும்பும்போதும் உறைந்தால் எல்ஈடியின் குவிந்த தலை ஒளியை ஒடுக்கமாக வீசுகிறது. அந்தக் குமிழைத் தட்டையாக அராவி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினால் ஒளி அகன்று பரவும். உள்ளே இருக்கும் சில்லைத் தொடும் அளவுக்கு அராவக் கூடாது. பிறகு கேமரா முன்னோட்டத்தில் எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டே போய், பின்னணி கருத்து, மூன்று புள்ளி மட்டும் வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: டிராக்ஐஆர் 5, பிரதிபலிப்பு கிளிப். காலையில் மட்டும் காட்சி தாவித் தாவி ஓடுகிறது.

பதில்: ஜன்னல். டிராக்ஐஆர் கேமரா தானே அகச்சிவப்பு ஒளியை வீசி, கிளிப்பில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கிறது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளம். கேமரா காட்சியைத் திறந்து, மூன்றைத் தவிர நான்காவதாக ஏதேனும் மின்னுகிறதா என்று பாருங்கள். முதுகுக்குப் பின்னால் திரை போடுங்கள். மூக்குக்கண்ணாடிச் சட்டம், ஹெட்போனின் பளபளப்பான வளையம் ஆகியவற்றை மேட் கறுப்பு டேப்பால் மூடுங்கள். எவ்வளவு பிரகாசமான புள்ளியை ஏற்பது என்ற த்ரெஷோல்டை ஏற்றினால் மங்கலான போலிகள் நீங்கும், நேரடி வெயில் நீங்காது. வினாடிக்கு 120 ஃபிரேம் பிடிக்கும் கேமரா இது. வேகத்தில் குறை தேட வேண்டாம்.

கேள்வி: நடுக்கத்தைப் போக்க ஓப்பன்டிராக்கின் அக்செலா ஃபில்டரில் ஸ்மூத்திங்கை ஏற்றினேன். இப்போது காட்சி தலைக்குப் பின்னால் இழுபடுகிறது. டெட்ஸோனை (சிறு அசைவைக் கண்டுகொள்ளாத எல்லை) கூட்டினால் நடுவிலிருந்து கிளம்பும்போது ஒரு வெட்டு.

பதில்: இரண்டையும் பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள். ஸ்மூத்திங் நடுக்கத்தை மறைப்பதற்குத் தாமதத்தை விலையாகக் கேட்கும். டெட்ஸோன் பெரிதானால் அதன் எல்லையில் காட்சி சட்டென விழித்துக்கொள்ளும். நடுப்பகுதியைக் கர்விலேயே சாந்தப்படுத்துவது மேல். தலை 5 டிகிரிக்குக் காட்சியும் 5, 15-க்கு 40, 30-க்கு 120 என்று மூன்று புள்ளி வையுங்கள். கருவிப் பலகையைப் படிக்கும்போது நடுவில் பெருக்கமே இருக்காது, நடுக்கமும் பெருகாது. அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் அதிர்வு அடங்கும்வரை மட்டும் ஸ்மூத்திங்கைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு அச்சு: முதலில் இடவலம், பிறகு மேல்கீழ், கடைசியில் முன்பின் நகர்வு.

கேள்வி: கைபேசிச் செயலி வழியாக வைஃபையில் டிராக் செய்கிறேன். பத்திருபது நிமிடத்துக்குப் பிறகு திக்குகிறது.

பதில்: கைபேசி சூடாகித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உறையைக் கழற்றி, திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, காற்றுபடும்படி நிறுத்துங்கள். ஆரம்பத்திலிருந்தே திக்கினால்தான் வைஃபையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். கைபேசியைக் கேபிளில் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி டெதரிங் முடிந்தால் வைஃபையே வேண்டாம். கைபேசியின் தரவை நெட்வொர்க் வழியாக வாங்கும் ஓப்பன்டிராக்கின் யூடிபி உள்ளீடு இயல்பாக 4242 போர்ட்டில் கேட்கும். டெதரிங்குக்கு மாறினால் கணினியின் ஐபி முகவரி மாறும், செயலியில் புதியதை எழுத மறக்காதீர்கள்.

கேள்வி: டிசிஎஸ் என்ற போர்விமான சிமுலேட்டரில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காட்சி நடுவுக்கு இழுத்து இழுத்துத் திரும்புகிறது.

பதில்: ஒரே பார்வையை இரண்டு பேர் ஓட்டுகிறார்கள். கன்ட்ரோல்ஸ் பட்டியலில் ஆக்சிஸ் பகுதியைத் திறந்து, கேமராவுக்கான கிடைமட்ட, செங்குத்துப் பார்வை வரிசைகளைப் பாருங்கள். ஜாய்ஸ்டிக், த்ராட்டிலின் சிறு ஸ்டிக், மவுஸ் என எந்த நெடுவரிசையில் எது இருந்தாலும் அழித்துவிட்டு, டிராக்கருக்கு உரியதை மட்டும் விடுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் டிராக்ஐஆர் மென்பொருளும் ஓப்பன்டிராக்கும் சேர்ந்து ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை மூடிவிட்டு டிசிஎஸ்ஸை மறுபடி திறக்க வேண்டும்.