அம்மா விளையாடினால் கணக்கில் சேராதா?

வாசகர் கேள்வி – பதில்

வீடியோ கேம் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். தொண்ணூறுகளில் திருச்சி உறையூரில் டிவி கேம் கடை வைத்திருந்தேன், பிறகு அதே இடத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். பதில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

நான் அங்கன்வாடி ஊழியர், வயது 52. இரவு வேலையெல்லாம் முடிந்தபின் கேண்டி கிரஷ் விளையாடுவேன். நாலாயிரம் லெவலைத் தாண்டிவிட்டேன். "அதெல்லாம் கேமே இல்லை, நீங்கள் கேமரும் இல்லை" என்கிறான் என் மகன். அவன் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, தேனி

தவறு, சகோதரி. முழுத் தவறு. போகிற போக்கில் திரையைத் தேய்க்கிறவரால் நாலாயிரம் லெவல் தாண்ட முடியுமா? நான்கு மிட்டாய் வரிசையாகச் சேர்ந்தால் கோடுபோட்ட மிட்டாய், ஐந்து சேர்ந்தால் வண்ணக்குண்டு. அந்தக் குண்டைக் கிடைத்தவுடன் செலவழிக்காமல், பக்கத்தில் ஒரு கோட்டு மிட்டாய் வந்து சேரும்வரை காத்திருந்து இரண்டையும் இடம் மாற்றினால், அந்த நிறத்து மிட்டாய்கள் எல்லாம் கோட்டு மிட்டாய்களாகி மளமளவென்று வெடிக்கும். இன்னும் ஆறே நகர்வுதான் மிச்சம் என்னும்போது அப்படிக் காத்திருக்க நெஞ்சுரம் வேண்டும். பலகையின் கீழ்ப்பகுதியில் கலைத்தால் மேலே உள்ளவை சரிந்து தாமாகவே சேரும் என்பதும் உங்களுக்கு யாரும் சொல்லாமலே பிடிபட்டிருக்கும். அடுத்த நகர்வையும் அதற்கடுத்ததையும் மனதில் போட்டுப் பார்க்கிற இந்த வேலையைத்தான் உங்கள் மகனும் தன் கேமில் செய்கிறான்.

அவனைப்போல் நினைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2015இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. வயது வந்தோரில் 49 சதவீதம் பேர் வீடியோ கேம் விளையாடுகிறார்கள். ஆண்களில் 50 சதவீதம், பெண்களில் 48. ஏறக்குறைய சரிபாதி. ஆனால் "நான் கேமர்" என்று சொன்னவர்கள் மொத்தத்தில் 10 சதவீதம்தான். ஆண்களில் 15, பெண்களில் 6. விளையாடுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்று 60 சதவீதம் பேர் நம்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும் பெண், கண்ணில் பட்டும் கணக்கில் படவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 1972இல் அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' கேம் இயந்திரம் முதன்முதலில் வைக்கப்பட்ட இடம் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கூடம். காசு போட்டு ஆடியவர்கள் பெரியவர்கள். 1980இல் ஜப்பானில் 'பேக்மேன்' வந்தது. அதை வடிவமைத்த தோரு இவாதானி, கேம் கூடங்களில் ஆண்கள் மட்டுமே நிறைந்திருப்பதைப் பார்த்து, பெண்களும் ஜோடிகளும் வரவேண்டும் என்பதற்காகவே சுடுவதை விட்டுவிட்டு, சாப்பிடுவதை மையமாக வைத்து ஓர் ஆட்டம் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டம் உலகத்தையே பிடித்தது.

பிறகு 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. தரமில்லாத கேசட்டுகள் கடைகளில் மலையாகக் குவிந்து விலைபோகாமல் கிடந்தன. இரண்டு ஆண்டு கழித்து நின்டெண்டோ அங்கே நுழைந்தபோது, வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் அந்த நிறுவனம் ஒரு சிறிய ரோபோவையும் பெட்டியில் சேர்த்து, தன் சாதனத்தைப் பொம்மையாக விற்றது. பொம்மைக் கடையில் ஆண்பிள்ளை வரிசை, பெண்பிள்ளை வரிசை என்று இரண்டு உண்டு. கேம் போய்ச் சேர்ந்தது ஆண்பிள்ளை வரிசையில். அடுத்த பதினைந்து ஆண்டு விளம்பரங்களில் பெரும்பாலானவை பையன்களைப் பார்த்தே பேசின. உங்கள் மகன் மனதில் இருக்கும் 'கேமர்' அந்த அலமாரியிலிருந்து வந்தவன். அவன் பிறப்பதற்கு முன்பே, வேறொரு நாட்டில், விற்பனைக்காகப் போட்ட கோடு அது. நீங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு 20 வயது. மொபைலில் மட்டுமே விளையாடுகிறேன். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் என்னைக் கேமராக மதிப்பதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால்தான் உண்மையான கேமர் ஆவேனா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

வாங்க வேண்டாம், தம்பி. அதாவது, இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம்.

உலகில் முந்நூறு கோடிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வீடியோ கேம் விளையாடுகிறார்கள் என்பது இப்போதைய மதிப்பீடு. இந்தத் தொழிலின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி கைப்பேசியிலிருந்து வருகிறது. இந்த வளர்ச்சியைக் கொண்டுவந்தது விலையுயர்ந்த கம்ப்யூட்டர் இல்லை. மலிவான ஆண்ட்ராய்டு போனும் டேட்டாவும்தான் கொண்டுவந்தன. நம் நாட்டில் 2016இல் ஜியோ வந்தபின் டேட்டா விலை விழுந்ததும், இரண்டு ஆண்டு கழித்துப் பப்ஜி மொபைல் தெருத்தெருவாகப் பரவியதும் உங்களுக்கே நினைவிருக்கும். அதே வகைத் துப்பாக்கி ஆட்டமான 'ஃப்ரீ ஃபயர்' வியட்நாமில் உருவாகி, சிங்கப்பூர் நிறுவனத்தால் 2017இல் வெளியிடப்பட்டது. பப்ஜியில் ஓர் ஆட்டத்துக்கு நூறு பேர் என்றால் இதில் ஐம்பது பேர். ஓர் ஆட்டம் பத்து நிமிடத்தில் முடியும். சாதாரண போனிலும் திக்காமல் ஓடும். பிரேசிலிலும் இந்தோனேசியாவிலும் அது வேரூன்றியதற்கு அதுவே காரணம். அங்கே கோடிக்கணக்கான பிள்ளைகள் தம்மிடம் இருக்கிற போனில்தான் கேமர் ஆனார்கள்.

சொந்தச் சாதனம் இல்லாமல் விளையாடுவது ஒன்றும் புதிதில்லை. தென் கொரியாவில் 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தெருவுக்குத் தெரு 'பிசி பாங்' என்ற வாடகைக் கம்ப்யூட்டர் கூடங்கள் முளைத்தன. 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் போர் ஆட்டம் அங்கேதான் வளர்ந்தது. இன்றைக்கு உலகமே பார்க்கும் இ-ஸ்போர்ட்ஸ் என்ற கேம் போட்டிகளின் பெரிய நாற்றங்கால் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்த பிள்ளைகள் நிறைந்த அந்தக் கூடங்கள்.

என் கடையில் இரண்டு டிவி, இரண்டு பெட்டி. அரை மணிக்கு இரண்டு ரூபாய். கேசட் வேலை செய்யாவிட்டால் பையன்கள் கழற்றி, உள்ளே ஊதிவிட்டு மறுபடி செருகுவார்கள். 'காண்ட்ரா' ஆட்டத்துக்கு முப்பது உயிர் தரும் ரகசியக் குறியீடு ஒன்று உண்டு: மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. அதைத் தப்பில்லாமல் ஒப்பித்தவர்களில் பாதிப்பேர், கையில் காசில்லாமல் பின்னால் நின்று பார்த்த பிள்ளைகள். எந்த இடத்தில் குதிக்க வேண்டும், எந்தத் துப்பாக்கியை விட்டுவிடக் கூடாது என்று ஆடுகிறவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்களே. அவர்களைக் கேமர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நீங்கள் கட்டைவிரலோடு ஆட்காட்டி விரல்களையும் திரையில் வைத்து, போனைச் சாய்த்துக் குறிபார்க்கப் பழகியிருந்தால், உங்கள் நண்பர்களிடம் ஒருமுறை போனைக் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். மௌஸ் பிடித்துப் பழகிய கைக்கு அது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்கே தெரியும்.

தபால் துறையில் ஓய்வுபெற்றவன். அலுவலகத்தில் சாலிட்டேர் ஆடியதோடு சரி. இப்போது பேத்தியோடு சேர்ந்து, கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் கேமைக் கற்க ஆசை. 71 வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஐயா. ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற பெண்மணி ஐம்பது வயதைத் தாண்டியபின் முதல் கேம் பெட்டியை வாங்கினார். தொண்ணூறு வயதில், உலகின் மிக வயதான கேம் யூடியூபர் என்று 2020இல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். நீங்கள் ஆடிய சாலிட்டேர்கூட 1990இல் விண்டோஸோடு வந்தபோது, மௌஸால் பிடித்து இழுத்து விடும் பழக்கத்தைக் கோடிக்கணக்கானோர் கைக்குக் கொண்டுவந்தது. ஆகவே பாதிப் பயிற்சி உங்களுக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது.

மைன்கிராஃப்டை 'கிரியேட்டிவ்' முறையில் தொடங்குங்கள். அதில் சாவு கிடையாது, பொருள் தீராது. பேத்தியோடு ஒரு வீடு கட்டி முடியுங்கள். பிறகு மற்றொரு முறையான 'சர்வைவல்' பக்கம் போகும்போது கடினத்தை 'பீஸ்ஃபுல்' என்று வைத்தால் அரக்கர்கள் தொல்லை இருக்காது.

மகனுக்கு 14 வயது. நள்ளிரவு தாண்டியும் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு). இது நோயா? போனைப் போட்டு உடைக்கிறேன் என்கிறார் அவன் அப்பா.
– ஒரு தாய், வேலூர்

உடைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், அம்மா. போன் போகும், பையனின் நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு' என்ற ஒன்றைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 தொடக்கத்திலிருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு எதுவும் இல்லை. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கெடுதல் என்று தெரிந்தும் தொடர்கிறானா என்று பார்க்கிறார்கள். பொதுவாக ஓராண்டாவது இப்படி நீடித்து, படிப்பும் உறவும் கெட்டால்தான் அந்தப் பெயர். தாமதமாகத் தூங்குகிறான் என்பதால் மட்டும் நோயாளி ஆகிவிட மாட்டான். ஆனால் தூக்கம் கெடுவதை விட்டுவைக்கவும் கூடாது.

தென் கொரியா 2011இல், 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணில் நுழைந்தார்கள். மொபைல் கேமுக்குச் சட்டம் பொருந்தவும் இல்லை. பத்து ஆண்டு பார்த்துவிட்டு அரசே அதைக் கைவிட்டது. அரசாங்கத்தால் முடியாததை வீட்டில் பேசித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நடைமுறை விஷயம். பிஜிஎம்ஐயில் பெரிய வரைபடத்தில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம்வரை இழுக்கும். நடுவில் எழுந்தால் கூட ஆடுகிற நண்பர்கள் மூன்று பேர் தோற்பார்கள், மறுநாள் பள்ளியில் இவனுக்குத்தான் ஏச்சு. "இப்போதே அணை" என்றால் சண்டை வருவது இதனால். "ஒன்பதரைக்கு மேல் புது ஆட்டம் தொடங்கக் கூடாது, பத்துக்குப் போன் வரவேற்பறையில் சார்ஜில் இருக்கும்" என்று பேசி வையுங்கள். அப்பாவின் போனும் அங்கேயே இருக்கட்டும். பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாட்டை விடுவது, நண்பர்களிடமிருந்து விலகுவது என்று வளர்ந்தால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை.

என் மைத்துனர் ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டுவிட்டார். கேட்டால் "நானும் கேமர்தான்" என்கிறார்.
– ஒரு வாசகி, சேலம்

அவர் ஆடியது சூதாட்டம், அம்மா. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது; இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து தனியே பிரித்து அங்கீகரிக்கவும் செய்தது. அந்த ரம்மி நிறுவனங்கள் கேம் என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு எத்தனை குடும்பங்களை விழுங்கின என்று நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கடனை மறைக்காமல் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கும் மேலே சொன்ன 14416 உதவும்.

பிளஸ் டூ படிக்கிறேன். மைக்கை ஆன் செய்து பெண் குரல் என்று தெரிந்ததும் ஆபாசமாகப் பேசுகிறார்கள். ஆண் பெயர் வைத்து மைக் இல்லாமல் ஆடுகிறேன். கேம் செய்யும் வேலைக்குப் போக ஆசை, ஆனால் அங்கேயும் இப்படித்தான் இருக்குமோ என்று பயம்.
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

மகளே, பெயரை மாற்றிக்கொண்டதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். திட்டியவனை அந்த நிமிடமே மியூட் செய், ரிப்போர்ட் செய், திரையைப் படம் பிடித்து வை. தெரிந்த தோழிகள் மூன்று பேரோடு அணியாகச் சேர்ந்தால் அந்நியன் யாரும் உங்கள் மைக்குக்குள் வர மாட்டான்.

பயத்துக்குக் காரணம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2014இல் 'கேமர்கேட்' என்ற பெயரில் கும்பல் சேர்ந்து, கேம் செய்யும் பெண்களையும் கேம் விமர்சிக்கும் பெண்களையும் கொலை மிரட்டல் விடுத்து வேட்டையாடியது. சிலர் வீட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. தாங்கள் மட்டுமே கேமர் என்று நம்பியவர்கள் செய்த அநியாயம் அது.

ஆனால் இந்தத் துறையில் பெண்கள் விருந்தாளிகள் இல்லை. 1982இல் வெளிவந்த 'ரிவர் ரெய்ட்' கேமை கேரல் ஷா என்ற பெண் எழுதினார். கேசட்டில் இருந்த இடம் வெறும் நான்கு கிலோபைட். அத்தனை நீள ஆற்றை அதில் சேமிக்க முடியாது. ஆகவே விளையாடும்போதே ஒரு கணக்குச் சூத்திரம் ஆற்றின் கரைகளை வரைந்துகொண்டே போகும்படி செய்தார். ஒவ்வொரு முறையும் அதே ஆறு பிசகாமல் வரும். ராபர்ட்டா வில்லியம்ஸ் 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' வடிவமைத்து, கணவரோடு சேர்ந்து வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்தைக் கட்டினார்.

நம் ஆட்கள் செய்ததையும் பார். கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய்தான் நாயகி. அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து அழிந்துபோயிருக்கிறது. விடுபட்ட படிகளை ஆடுபவர் ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை அது 2024இல் வென்றது.

கேம் செய்ய உதவும் 'கோடோ' என்ற மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதை இறக்கி, முதல் கேமாக நோக்கியா போனில் இருந்த பாம்பைச் செய். இரை தின்றதும் பாம்பு வளர வேண்டும், இரை புது இடத்தில் தோன்ற வேண்டும், சுவரிலோ தன் வாலிலோ மோதினால் ஆட்டம் முடிய வேண்டும். இவ்வளவும் ஓடியதும் இதழின் முகவரிக்கு அனுப்பு. விளையாடிப் பார்த்து, எங்கே திக்குகிறது என்று எழுதுகிறேன்.