மெனுவில் அச்சடித்திருந்தால் சர்வீஸ் சார்ஜ் கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் தெருமுனையில் இருபது பேர் உட்காரும் அளவுக்கு ஒரு உணவகம் வந்திருக்கிறது. எல்லாமே குட்டித் தட்டுகள். நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட வேண்டும். குடும்பமாகப் போனோம், சாப்பாடு அருமை. சாப்பிட்டது 3,200 ரூபாய்க்கு. அதன்மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 320, மொத்தத்துக்கும் சேர்த்து ஐந்து சதவீத ஜிஎஸ்டி என்று பில் 3,696 ரூபாய் வந்தது. கேட்டால், “மெனுவிலேயே போட்டிருக்கோமே மேடம்” என்றார்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் அச்சிட்ட விலையைவிட அதிகம். தினமும் முகத்தில் விழிக்கிற கடை என்பதால் பேசாமல் கொடுத்துவிட்டோம். பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு, தாராளமாகக் கேளுங்கள். தண்ணீர் பாட்டிலில் மட்டும் சட்டம் கடைக்காரர் பக்கம் நிற்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மெனுவில் அச்சடித்துவிட்டால் நீங்கள் சம்மதித்ததாக ஆகிவிடும் என்பது உணவகக்காரர்கள் சொல்லிச் சொல்லியே நிலைநாட்டிய கதை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதற்கென்றே வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது. உணவுத் தொகையோடு கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. தர மறுத்தவரை அடுத்த முறை உள்ளே விடமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. உங்கள் பில்லில் 320 ரூபாயும், அதன்மேல் போட்ட வரி 16 ரூபாயும் கூடுதல். நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது 3,360 மட்டுமே.

இந்த எளிய விஷயம் இன்னும் ஊருக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வழிகாட்டுதல்கள் வந்த பதினாறாம் நாளே உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டன. வழக்கில் தீர்ப்பு வர 2025 மார்ச் 28 ஆயிற்று. வழிகாட்டுதல்கள் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், மனுப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. தடைக்கு பதினாறு நாள், தீர்ப்புக்கு இரண்டு வருடம் எட்டு மாதம்! அதற்குள் எத்தனை கோடி பில்களில் அந்த சர்வீஸ் சார்ஜ் ஏறியிருக்கும்? இன்றைக்கும் பல கடைகளின் பில் மென்பொருளில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. யாராவது புகார் கொடுத்தால்தான் அதிகாரிகள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

குட்டித் தட்டு உணவகங்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள்: பத்துத் தட்டு பத்து முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் மேசையைத் துடைத்து ப்ளேட் மாற்றுகிறோம், வேலை அதிகம் என்று. வேலை அதிகம்தான், மறுக்கவில்லை. அப்படியானால் தட்டின் விலையை ஏற்றிப் போடட்டும். விலை வைப்பது அவர்கள் உரிமை, அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மெனுவில் 280 என்று காட்டிவிட்டு பில்லில் 308 ஆக்குவதுதான் தப்பு. பரிமாறியவருக்கு ஏதாவது தர விரும்பினால் அவர் கையிலேயே கொடுங்கள். பில்லில் ஏறும் பணம் அவருக்குத்தான் போகிறது என்பதற்கு உங்களிடம் எந்த உத்தரவாதமும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இருபது இருக்கை உணவகங்களில்தான் இது அதிகம் நடக்கிறது. அந்தக் கடை உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கலாமா என்பதே முதலில் சந்தேகம். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் உணவகங்கள் ‘காம்போசிஷன்’ என்ற, சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் சேரலாம். சேர்ந்தவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. ‘வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர்’ என்ற வாசகம் அவர்கள் பில்லின் மேலேயே இருக்க வேண்டும். இருக்காது, அல்லது கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். ஆகவே வீட்டுக்கு வந்து நீங்களே பாருங்கள். பில்லில் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அதைப் போட்டால் கடை ‘ரெகுலர்’ வகையா, ‘காம்போசிஷன்’ வகையா என்று காட்டிவிடும். உள்நுழையக் கூடத் தேவையில்லை. காம்போசிஷன் என்று வந்தால் வரி என்று வாங்கிய முழுத்தொகையும் உங்களுடையது. எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், அது வரியே அல்ல.

இனி செய்ய வேண்டியது. முதலில் பில்லோடு போய் முதலாளியிடம் நேராகப் பேசுங்கள். சின்னக் கடைகளில் பலர் மென்பொருள் விற்றவன் அமைத்துக் கொடுத்ததை அப்படியே வைத்திருப்பவர்கள். பாதிப் பேர் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அவர்கள் கடைக்காரரிடம் பேசுவார்கள், உத்தரவு போட அதிகாரம் கிடையாது. ஆனாலும் அங்கிருந்து ஒரு கடிதம் போனால் பெரும்பாலும் வேலை நடந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உதவி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வந்த செல்போன் எண்ணுக்குப் பேசி, “பணம் திருப்பி அனுப்ப ஓடிபி சொல்லுங்க” என்றதும் சொல்லி, 336 ரூபாய்க்காகக் கணக்கையே காலி செய்துகொள்கிறார்கள். பணம் திரும்பி வர ஓடிபி எதற்கு? இன்னொரு கூட்டம், “ஐம்பதாயிரம் நஷ்ட ஈடு வாங்கித் தர்றோம், முன்பணம் மட்டும் கட்டுங்க” என்று வரும். கட்டாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வக்கீலே தேவையில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் இந்தத் தொகைக்காக வாய்தா வாய்தாவாக அலைவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தண்ணீர் பாட்டில்: உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கும்போது அங்கே விற்கப்படுவது வெறும் பாட்டில் அல்ல, இடமும் பரிமாறலும் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதுதான் சட்டம். சாதாரணக் குடிநீர் கேளுங்கள்.

அப்புறம், அந்த பில்லை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். பில் மெஷின் காகிதத்தில் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும். ஜிபேயிலோ கார்டிலோ கட்டியிருந்தால் அந்த ரசீதையும் அதோடு சேர்த்து வையுங்கள்.